செண்பகம் தப்பாகச் சொன்ன டாங்கிக் கதை

"பதினேழாம் வருஷந்தானே?" என்று கேட்டாள் செண்பகம், தப்பு என்று தெரிந்தே. "பிரான்ஸ்ல, சேத்துக்குள்ள, இங்கிலீஷ்காரன் முதல்முதலா டேங்கை இறக்கினது பதினேழுலதானே?"

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த அவள் கணவர் வேதாசலம் கண்ணைத் திறக்கவில்லை. ஆனால் போர்வையின் மேல் கிடந்த வலது கையின் சுட்டுவிரல் மெல்ல எழுந்தது. உதடு அசைந்தது.

"பதினாறு."

"ஆமா, பதினாறு. என் புத்தியில எது நிக்குது," என்றாள். நிம்மதியில் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முந்தானையால் வாயைப் பொத்தி விழுங்கிக்கொண்டாள்.

காலையிலேயே டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். ஈரலில் வந்த கட்டி உடம்பெல்லாம் பரவிவிட்டது, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை. இன்றைக்குள் மயக்கமாகத் தூங்கிப்போவார், அப்படித் தூங்கினால் பிறகு விழிக்க மாட்டார். மகள் வரும்வரை நினைவோடு இருக்க வேண்டுமென்றால் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருங்கள் என்றார். மகள் மங்கை கனடாவிலேயே இன்னொரு ஊரான மாண்ட்ரியாலில் படிக்கிறாள். விடிகாலையில் ரயில் ஏறியவள்தான். பனி கொட்டித் தண்டவாளத்தை மூடிவிட்டதால் வண்டி கிங்ஸ்டன் பக்கத்தில் எங்கோ நின்றுவிட்டதாகத் தகவல். வேதாசலத்தோடு ஒரே ஆபீசில் வரைபடம் போடும் யாழ்ப்பாணத்துக்காரர் கதிர்காமநாதன், காரை எடுத்துக்கொண்டு யூனியன் ஸ்டேஷனில் போய்க் காத்திருந்தார். போகும்போது, "நீங்கள் இவரை விட்டு அசையாதேங்கோ அக்கா. ரெயின் ஸ்டேஷனுக்கு வந்த உடன பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாறன்," என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

பேச்சுக் கொடு என்றால் எதைத்தான் பேசுவது? வெளியே பெய்யும் பனியைப் பற்றிச் சொன்னாள். செயின்ட் ஜேம்ஸ் டவுன் வீட்டில் லிப்ட் மறுபடி கெட்டுப்போனதைச் சொன்னாள். காஞ்சிபுரத்துத் தங்கைக்குப் பேரன் பிறந்ததைச் சொன்னாள். எல்லாவற்றுக்கும் ஒரு "ம்". அந்த "ம்"மும் தேய்ந்துகொண்டே வந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இந்த மனிதரைத் தூங்கவிடாமல் பண்ணக்கூடியது உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். டாங்கியைப் பற்றி யாராவது தப்பாக ஏதாவது சொல்ல வேண்டும்.

வேதாசலத்துக்கு டாங்கி என்பது வேலை மட்டுமில்லை, பைத்தியம். கிர்க்கியில் ராணுவப் பட்டறையில், வெள்ளைக்காரன் விட்டுவிட்டுப் போன வண்டிகளைப் பிரித்து மாட்டுவதில் பிடித்த பைத்தியம். பிறகு இங்கிலீஷ்காரன் ஊரான நியூகாசிலுக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள், அங்கே அது முற்றியது. திரும்பி வந்து ஆவடித் தொழிற்சாலையில் சேர்ந்தார். செண்பகத்தின் பிறந்த வீட்டில் மாப்பிள்ளை தண்ணீர்த் தொட்டி செய்கிறார் என்றே வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அதற்கும் அவர் கோபப்படவில்லை. "முதல் டேங்க் கட்டினப்போ லிங்கன் ஊர்த் தொழிலாளிங்ககிட்டயே தண்ணித் தொட்டின்னுதான் சொல்லி வெச்சிருந்தாங்க, ரகசியம் வெளிய போகக் கூடாதுன்னு. அதான் அந்தப் பேரு," என்று மாமனாரை உட்கார வைத்து ஒரு பிரசங்கமே நடத்திவிட்டார். கனடாவுக்கு வந்து ஒஷாவாவில் கார் பாகங்களுக்குப் படம் போடும் வேலை கிடைத்த பிறகும், சாயங்காலம் வீடு திரும்பினால் சமையலறை வாசலில் நின்றுகொண்டு டாங்கிப் பேச்சுத்தான். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டதாகத்தான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள். இன்றைக்குத் தோண்டிப் பார்த்தால் ஒன்றுகூடக் காணாமல் போகவில்லை. எல்லாம் அப்படியே உள்ளே கிடந்தது.

"அதுக்குள்ள நாலு பேர் உக்காருவாங்க, இல்லையா?" என்றாள்.

விரல் எழுந்தது. "எட்டு."

"எட்டு பேரா! அந்த எஞ்சின் சூட்டுலயா?"

"புகை... மயக்கம் போட்டு விழுவான்." முதல் சொல்லுக்கும் இரண்டாவது சொல்லுக்கும் நடுவில் நீண்ட நேரம் மூச்சு மட்டும் வந்தது.

அவர் இப்படித் தம் கட்டிக்கொண்டிருப்பது எதற்கென்று அவளுக்குத் தெரியும். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு மங்கை வந்திருந்தபோது, சாப்பிட உட்கார்ந்த இடத்தில் அவர் வழக்கம்போல செஞ்சூரியன் டாங்கியின் பீரங்கியைப் பற்றி ஆரம்பித்தார். மங்கை, போர் கூடாது என்று கொடி பிடிக்கிற பிள்ளைகளோடு பழகுகிறவள். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "நீங்க பெருமைப்படறது மனுஷங்களை நசுக்கற மெஷின்பா. எத்தனை பேர் செத்திருப்பாங்கன்னு ஒரு நாளாவது யோசிச்சிருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டாள். யார் எது தப்பாகச் சொன்னாலும் திருத்த விரலைத் தூக்குகிற மனிதர் அதற்கு மட்டும் தூக்கவில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்ப் படுத்தார். மறுநாள் அவள் ஊருக்குக் கிளம்பிவிட்டாள். பிறகு நோய் தெரிந்தது. அவள் போனில் அழுதாள், மருந்து சாப்பிட்டீங்களா என்று கேட்டாள். அந்தப் பேச்சை மட்டும் இருவருமே எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு ஒருநாள் அவராகவே, "மங்கைகிட்ட ஒண்ணு சொல்லணும்," என்றார்.

"என்கிட்ட சொல்லுங்க. நான் போன்ல சொல்லிடறேன்."

"நீ மாத்திச் சொல்லிடுவே. நேர்லதான் சொல்லணும்."

அவளுக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் அவர் சொன்னதும் பொய்யில்லை. தந்தி வாசகத்தைக்கூட அவள் வாய்மாற்றிச் சொல்லி உறவுக்காரர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள்.

"வேலன்டைன்னு ஒரு டேங்க் இருந்துதே," என்று தொடர்ந்தாள். "நம்ம மங்கை படிக்கிற ஊர்லகூட அதைக் கட்டினாங்கன்னு சொல்வீங்களே. கப்பல் கட்டற இடத்துல."

விரல் எழக் கொஞ்சம் நேரமாயிற்று. "ரயில்... எஞ்சின்... பட்டறை."

"கட்டி எல்லாத்தையும் எங்க அனுப்பினாங்க? இந்தியாவுக்கா?"

விரல் எழுந்தது. சொல் வரவில்லை. வாயசைவில் 'ரஷ்யா' என்று அவளே படித்துக்கொண்டாள்.

பிறகு அவள் டீக் கதைக்கு வந்தாள். அவருக்கு மிகவும் பிடித்த இடம் அது. முன்பெல்லாம் இங்கிலீஷ்காரச் சிப்பாய்கள் டீ போட வண்டியை விட்டு இறங்குவார்கள், இறங்கிய இடத்தில் அடிபட்டுச் சாவார்கள். அதனால் செஞ்சூரியன் செய்தபோது வண்டிக்குள்ளேயே வெந்நீர் போட ஒரு பாத்திரம் வைத்துவிட்டார்கள். இதைச் சொல்லும்போதெல்லாம் அவர் சிரித்துச் சிரித்து இருமுவார். செண்பகமும் அதை வாகாகத் தப்பாகச் சொன்னாள். "அந்த டீப் பாத்திரம் வெச்சது சர்ச்சில் டேங்க்லதானே? மலை ஏறுமே, அதுல?"

விரல் போர்வையை விட்டுக் கிளம்பவில்லை. நகம் மட்டும் கம்பளியைச் சுரண்டியது. அது போதும் அவளுக்கு. "செஞ்சூரியன், செஞ்சூரியன். தெரியும்," என்று அவர் காதோரம் குனிந்து சொன்னாள். "தூங்காதீங்க. அவ வந்துட்டே இருக்கா."

சீஃப்டன் டாங்கியை ஓட்டுகிறவன் நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுவான் என்றாள். மல்லாந்து படுத்துக்கொண்டு ஓட்டுகிற வண்டி அது. அவருக்குக் கைவந்த விஷயம். விரல் அசைந்ததா, மூச்சில் போர்வைதான் அசைந்ததா என்று அவளால் சொல்ல முடியவில்லை. ஜன்னலுக்கு வெளியே பனி நிற்கிற வழியாக இல்லை. தெருவில் கார்கள் ஊர்ந்துகொண்டிருந்தன, அதில் கதிர்காமநாதனின் பச்சைக் கார் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தாள். இல்லை.

இனி ஒன்றுதான் மிச்சம். அவள் தொடாமல் வைத்திருந்தது.

ஆவடியில் முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்த நாள் அவருக்குக் கல்யாண நாளைவிடப் பெரிய நாள். இங்கிலீஷ்காரன் போட்டுக்கொடுத்த படம், அங்கிருந்து வந்த பாகங்கள்தான். ஆனாலும் அதைக் கோத்து நிறுத்தியவர்களில் அவர் ஒருவர். ஆசை தாங்காமல் ஈரப் பெயின்ட் மேலேயே கையை வைத்துத் தடவிவிட்டு, வெள்ளைச் சட்டையெல்லாம் பச்சையாக வீட்டுக்கு வந்தார். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் அவளால் அந்தக் கறையைப் போக்க முடியவில்லை.

"ஏங்க," என்றாள். "விஜயந்தா முதல் வண்டி வந்த அன்னிக்கு நீங்க ஆவடியிலேயே இல்லையே. லீவு போட்டுட்டு வீட்ல படுத்திருந்தீங்களே. நீங்க அதைத் தொட்டுக்கூடப் பாக்கலையே."

இதற்கு அவர் எழுந்து உட்கார்ந்து திட்டியிருக்க வேண்டும்.

அவள் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொரு தடவை, சத்தமாகச் சொன்னாள். பிறகு கையைப் பிடித்து, அந்த விரலைத் தன் விரலால் நிமிர்த்திப் பார்த்தாள். விட்டதும் அது மடங்கிக்கொண்டது.

நர்ஸ் வந்து நாடி பார்த்தாள். ஆழ்ந்த தூக்கத்துக்குப் போய்விட்டார், வலி எதுவும் இல்லை என்றாள். அதற்கப்புறம் மூச்சு நீள நீளமாக வந்தது. நடுவில் இடைவெளி விழுந்தது. ஒரு இடைவெளிக்குப் பின்னால் அடுத்த மூச்சு வரவே இல்லை. நர்ஸ் திரும்ப வந்து பார்த்துவிட்டு, செண்பகத்தின் தோளைத் தொட்டுவிட்டு, வேண்டிய நேரம் கூட இருங்கள் என்று கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

செண்பகத்துக்கு அழ வரவில்லை. நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டி இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"பதினாறாம் வருஷம்," என்றாள். "பதினேழுன்னு நான் சொன்னது தப்பு. எட்டு பேர், நாலு இல்ல. மாண்ட்ரியால்ல ரயில் பட்டறை. போனது ரஷ்யாவுக்கு. டீப் பாத்திரம் செஞ்சூரியன்ல. சீஃப்டன் ஓட்டறவன் படுத்துக்கிட்டுத்தான் ஓட்டுவான்." அவருடைய தலைமுடியை ஒதுக்கிவிட்டாள். "நீங்க அன்னிக்கு அங்கதான் இருந்தீங்க. நீங்கதான் கட்டினீங்க. எனக்குத் தெரியாதா? தெரிஞ்சேதான் சொன்னேன்."

ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் திருத்தி முடித்தாள்.

கதவு திறந்தது. கோட்டில் பனி உருகி வழிய மங்கை நின்றாள். அவளுக்குப் பின்னால் வந்த கதிர்காமநாதன் கட்டிலைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார். "ஐயோ அக்கா, கொஞ்சம் முந்தி வந்திருக்கலாமே," என்று சொல்லிச் சுவரில் சாய்ந்துகொண்டார்.

மங்கை ஓடி வந்து, கையுறையைக்கூடக் கழற்றாமல் அப்பாவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "அப்பா, அப்பா" என்று கூப்பிட்டாள். பிறகு அப்படியே திரும்பி அம்மாவைப் பார்த்தாள். பத்தொன்பது வயசுப் பெண்ணின் முகம் ஐந்து வயசாகிவிட்டிருந்தது.

"எனக்கு ஏதாவது சொன்னாராம்மா? அன்னிக்கு நான் பேசினதுக்கு... ஏதாவது சொன்னாரா?"

செண்பகம் வாயைத் திறந்தாள். அவர் என்ன சொல்ல நினைத்தார் என்று அவளுக்குத் தெரியாது. கோபமாக ஏதாவது இருந்திருக்கலாம். நீ சொன்னது சரிதான் என்றுகூட இருந்திருக்கலாம். மங்கை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொன்னாரு," என்றாள் செண்பகம். "உன்மேல கோபமே இல்லன்னு சொன்னாரு. அவ நல்ல பொண்ணுன்னு சொன்னாரு."

மங்கை தரையில் உட்கார்ந்து கட்டில் விளிம்பில் முகத்தைப் புதைத்து அழத் தொடங்கினாள். செண்பகத்தின் கை அவள் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தது. கண் மட்டும் போர்வை மேல் கிடந்த அந்தச் சுட்டுவிரலை விட்டு நகரவில்லை.