பாட்டுக்கு மிக நன்று

துணுக்காய்ப் பக்கத்துச் சின்னப் பள்ளிக்கூடம் ஒன்றில், பாட்டுக்கு 'மிக நன்று' வாங்கிய பிள்ளையின் வீட்டில் அன்று பின்னேரமே ஒரு படத்துக்கு மாலை விழும். தவணைச் சோதனை தொடங்கினால், சண்டையில் காணாமல் போனவர்களில் இறந்துவிட்டவர்கள் தங்கள் வீட்டுப் பிள்ளையின் தொண்டையில் வந்து பாடுவார்கள். உயிரோடு இருப்பவர்கள் வரமாட்டார்கள். செத்தவர்களுக்குச் சுருதி பிசகுவதில்லை, ஆகையால் புள்ளியும் கூடுதல். சொந்தக் குரலில் கீச்சிட்டு வருகிற பிள்ளையைத்தான் அந்த ஊர்த் தாய்மார் தூக்கிக் கொஞ்சுவார்கள். வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து வந்த ஆலோசகர் ஒருவர், முன்பல் விழுந்த இரண்டாம் வகுப்புப் பெடியன் கட்டைக்குரலில் தேவாரம் பாடியதைக் கேட்டார். தாளம் கொஞ்சம் ஓடுகிறது என்றார், தேத்தண்ணி குடித்தார், மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். வேறென்ன செய்வார், பாவம்.

சங்கீத ரீச்சர் விமலேஸ்வரிக்கு எல்லாம் பழகிவிட்டது, மாணவி லக்சிகாவின் தாயைத் தவிர. அந்தத் தாய் சிவலட்சுமிக்கு ஒரே தம்பி தர்சன், கடைசிச் சண்டையில் காணாமல் போனவன். அவனுடைய சேட்டுகளை இன்றைக்கும் தோய்த்து மடித்து அலுமாரியில் வைக்கிறாள். தவணைக்குத் தவணை பள்ளிக்கூடப் படலையில் வந்து நிற்பாள்.

"என்ர பிள்ளை எப்பிடி, ரீச்சர்?"

"குறை நினைக்காதேங்கோ அக்கா, காகம் தோத்துப்போகும்."

"அப்பாடா!" என்று முகம் மலர்ந்து, ஒரு பிடி பயத்தங்காயை ரீச்சரின் கையில் திணித்துவிட்டுப் போவாள்.

மூன்றாம் தவணையில் லக்சிகா வாயைத் திறந்தாள், ஒரு இளந்தாரி பாடினான். அப்படியொரு பாட்டு! விமலேஸ்வரி புள்ளிப் புத்தகத்தை மூடி வைத்தார். பாடி முடித்த பிள்ளை, "அம்மாட்டச் சொல்லுவியளோ, ரீச்சர்?" என்று தன் சின்னக் குரலில் கேட்டது.

சொல்ல மனம் வருமா? படலைக்குப் போய், "இன்னும் நல்லாப் பழக வேணும், அக்கா" என்றார்.

சிவலட்சுமி சிரிக்கவில்லை.

"பொய் சொல்லாதேங்கோ, ரீச்சர். சோதனை வர முந்தியே, ஆடி மாசத்தில இருந்து இவள் கிணத்தடியில குளிக்கேக்க அவன்தான் பாடுறான். நான்தான் காதைப் பொத்திக்கொண்டு இருந்தனான்." கண்ணைத் துடைத்தாள். "படிக்கிற காலத்திலயும் அவனுக்கு ஒருத்தரும் நல்ல புள்ளி போடேல்லை. நீங்களும் குறைக்காதேங்கோ."

விமலேஸ்வரி அங்கேயே நின்று அழுதார். பிறகு அவளை வகுப்புக்குள் கூட்டிவந்து ஒரு சின்னக் கதிரையில் இருத்தி, பிள்ளையைத் திரும்பவும் பாடச் சொன்னார். தர்சன் முழுப் பாட்டையும் பாடினான். தமக்கை தொடையில் தாளம் போட்டாள், ஓரிடத்திலும் தப்பவில்லை.

ரீச்சர் உரிய புள்ளியைப் போட்டார். அடுத்ததாக, வரிசையில் நின்ற பழனியாண்டியின் மகன் அஜந்தனை முன்னுக்கு வரச் சொன்னார்.