பொங்காத மாவு

காலை ஏழு மணிக்கு அவள் மாவுத் தொட்டியின் மூடியைத் திறந்தாள். மாவு பொங்காமல் போட்டது போட்டபடி கிடந்தது. இந்த மாதத்தில் இது மூன்றாவது முறை.

பேக்கரியில் அவளுக்கு 'ஏனக்கா' என்று பெயர். எதற்கெடுத்தாலும் ஏன் என்று கேட்பாள். மாவு பிசையச் சேர்ந்து இன்றோடு இருபத்திரண்டு நாள். மாதம் முடிந்தால்தான் நிரந்தரம். வேலை போனால் மகளோடு அண்ணன் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். அண்ணி கதவைத் திறப்பாள். முகத்தைத் திறக்க மாட்டாள்.

"இவ வர்றதுக்கு முன்னாடி மாவு என்னைக்காவது மக்கர் பண்ணுச்சா?" என்றார் மாஸ்டர், முதலாளியம்மாவிடம். "கை ராசின்னு ஒண்ணு இருக்கும்மா."

முதலாளியம்மா அவள் பக்கம் திரும்பினாள். "என்னம்மா சொல்ற?"

மூடியைக் கீழே வைத்தாள். "மூணு நாள் பொங்கல, சரிம்மா. மீதி பத்தொம்போது நாளும் நான்தானே பிசைஞ்சேன்? அன்னைக்கெல்லாம் என் ராசி லீவுல போயிருந்துச்சா?"

"அப்ப எனக்குத் தொழில் தெரியலங்கிற," என்றார் மாஸ்டர்.

"நான் அப்படிச் சொல்லவே இல்லையேண்ணே."

"ஒண்ணு இவ இருக்கட்டும், இல்ல நான் இருக்கேன். நீங்களே முடிவு பண்ணுங்கம்மா."

முப்பது வருஷ மாஸ்டரா, இருபத்திரண்டு நாள் ஏனக்காவா? முதலாளியம்மாவின் முகமே பதில் சொன்னது.

கூட்டுகிற அக்காவும் புதுசுதான். அவளைக் கைகாட்டினால் தப்பிக்கலாம். வார்த்தை பல் வரை வந்துவிட்டது. விழுங்கினாள். புதுசு என்பதைத் தவிர அந்த அக்கா மேல் என்ன இருக்கிறது?

மூன்று நாளுக்கும் பொதுவானது எது? குளிர். குளிர்ந்தால் மாவு பிசையும் தண்ணீரைச் சுட வைப்பார்கள். போன வருஷம் வரை சூடு பார்த்தது, வேலையை விட்டுப்போன பழைய ஆள். இப்போது மாஸ்டரே விரல் விட்டுப் பார்க்கிறார். முப்பது வருஷம் அடுப்புத் தட்டைத் துணியில்லாமல் எடுத்து, சூடு உறைக்காமல் போன விரல். சூடு அதிகமானால் மாவைப் பொங்க வைக்கிற ஈஸ்ட் செத்துவிடும்.

"ரெண்டு கிண்ணத்துல போட்டுப் பாப்போம்மா," என்றாள். "ஒண்ணுக்கு அண்ணன் விரல். இன்னொண்ணுக்குப் பாகு காய்ச்சுற தெர்மாமீட்டர். மத்ததெல்லாம் ஒண்ணே."

ஒரு மணி நேரம். ஏற்கனவே பளபளத்த தட்டுகளைத் திரும்பத் திரும்பத் துடைத்தாள். தன் எண்ணமே தப்பாக இருந்தால்? இடையிடையே ஏப்ரனின் முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

மூடிகளைத் திறந்தார்கள். தெர்மாமீட்டர் பார்த்த மாவு, கிண்ணத்தின் விளிம்பைத் தாண்டி எட்டிப் பார்த்தது. விரல் பார்த்த மாவு படுத்துக் கிடந்தது.

"அப்ப மாஸ்டர் கைதான் காரணம்," என்றாள் முதலாளியம்மா.

வாயை மூடிக்கொண்டிருந்தால் பிழைத்தாள். "ஒரே தடவை பாத்துட்டு அப்படிச் சொல்லாதீங்கம்மா. நாளைக்கும் குளிரும். மறுபடி போட்டுப் பாப்போம்."

"அப்ப உன் வேலையும் நாளைக்குத்தான் முடிவாகும். பரவாயில்லையா?"

சரி என்று தலையை ஆட்டினாள்.

மாஸ்டர் அடுப்பிலிருந்த தண்ணீரில் விரலை விட்டு, "சரியாத்தானே இருக்கு," என்று முணுமுணுத்தார். பிறகு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துத் தெர்மாமீட்டரையும் முக்கினார்.

ஏனக்கா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். தெர்மாமீட்டரின் கோடு ஈஸ்ட் தாங்கும் அளவைத் தாண்டி ஏறிக்கொண்டே போனது.