லொரெய்னின் பளிங்கு மேடை

இருபத்திரண்டு வருடமாக எங்கள் குடும்பத்தின் கிறிஸ்துமஸ் மதியச் சாப்பாடு என் வீட்டில்தான் நடந்தது. இந்த வருடம் அதை என் ஓரகத்தி லொரெய்ன் தட்டிக்கொண்டு போய்விட்டாள். எல்லாம் அவள் சமையலறையில் போட்ட வெள்ளைப் பளிங்கு மேடை செய்த வேலை. அதற்காக அவள் புருஷன், என் கொழுந்தன் ட்ரெவர் தன் மீன்பிடிப் படகையே விற்றுவிட்டான். எங்கள் ஊர் பன்பரியில் எங்களைத் தெரிந்தவர்கள் வாயிலெல்லாம் அந்தக் கல்தான். எனக்கு வயிறு எரிந்தது. மறைப்பானேன்?

என் வீட்டு மேடை பிளாஸ்டிக் தகடு ஒட்டிய வெறும் பலகை. வினிகர் அடித்துத் தேய்த்தாலும் ஏனென்று கேட்காது. லொரெய்னின் கல்லுக்கோ ராஜ உபசாரம். மிதமான சோப்புத் தண்ணீரில் துடைத்து, ஈரம் போக உடனே ஒற்ற வேண்டும். புளிப்பு பட்டால் பளபளப்பு செத்துவிடுமாம். வருகிறவர்கள் முன்னால் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் காட்டுவாள். அது உள்ளே இறங்காமல் குண்டாக உட்கார்ந்திருக்கும்.

"பாத்தியா நரெல்? மேல்பூச்சு இன்னும் கெட்டியா இருக்கு. ஒரு கறை காட்டு பாப்போம்!"

போன வாரம் போனில் உத்தரவு வந்தது. "நீ இறால் கொண்டு வந்துரு. எலுமிச்சம்பழத்த மட்டும் வீட்டுக்குள்ள கொண்டு வராத தாயே. வராந்தாவுலயே பிழிஞ்சுக்கலாம்."

என்னமோ நான் பாம்பைக் கொண்டு வருகிற மாதிரி.

கிறிஸ்துமஸ் காலையில், வெயில் ஏறுமுன்பே போய்விட்டேன். ட்ரெவர் எங்கள் மாமியாரை அழைத்து வரக் கிளம்பியிருந்தான். லொரெய்ன் குளிக்கப் போனாள். சமையலறையில் நானும் அந்தக் கல்லும்தான். பையிலிருந்து ஒரு எலுமிச்சையை எடுத்து இரண்டாக அறுத்தேன். பழக்கூடைக்கு அடியில் ஒரே ஒரு வட்டம் விழட்டும். என்றைக்காவது கூடையை எடுக்கும்போது பார்த்துக்கொள்ளட்டும். யார் வேலை என்று யாருக்குத் தெரியப்போகிறது?

கூடையை நகர்த்தினேன். அங்கே ஏற்கெனவே உள்ளங்கை அகலத்துக்குக் கல் மங்கிக் கிடந்தது.

"மொத வாரமே போச்சு." தலையில் துண்டோடு வாசலில் நின்றாள் லொரெய்ன். "பழக்க தோஷம். வினிகர் அடிச்சுத் தொடச்சுட்டேன். கூடைய வச்சு மூடிட்டேன். ட்ரெவருக்குத் தெரியாது. படக வித்து வாங்கின கல்லுடி!" கிட்டே வந்து துண்டு முனையால் அந்த இடத்தைத் தேய்த்தாள். "இப்ப எல்லார்கிட்டயும் சொல்லிச் சிரிப்ப, இல்ல?"

சிரித்திருப்பேன். சத்தியமாகச் சிரித்திருப்பேன். அதற்குள் கார் வந்து நின்றது. மாமியார் பெரில் உள்ளே வந்ததும் நேராக மேடையைத்தான் பார்த்தார்.

"இதென்ன திட்டு?"

பின்னாலேயே வந்த ட்ரெவர் குனிந்து பார்த்தான். லொரெய்ன் முகத்தில் ரத்தமே இல்லை. அரை எலுமிச்சை என் கையிலேயே இருந்தது.

"நான்தான். தெரியாம இதை மேல வச்சுட்டேன்," என்றேன்.

ட்ரெவர் அந்த இடத்தை விரலால் தடவிக்கொண்டே நின்றான். திட்டியிருந்தால் தேவலை.

"உன்ன நம்பி ஒரு நல்ல பொருள விட முடியுதா, நரெல்?" என்றார் மாமியார். "அடுத்த வருஷம் பேசாம உன் வீட்டுலயே சாப்பாட்ட வச்சிரு. அங்க கெட்டுப்போறதுக்கு ஒண்ணும் இல்ல."

ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. இப்படிக் கிடைக்கும் என்று நினைக்கவில்லை.

பிறகு வராந்தாவில் இருவரும் இறால் உரித்துக்கொண்டிருந்தோம். லொரெய்ன் என் பக்கம் சாய்ந்தாள்.

"எனக்காகப் பழிய ஏத்துக்கிட்டியே. உன்ன நான் எவ்வளவு தப்பா நெனச்சிருந்தேன் தெரியுமா!"

நான் அடுத்த இறாலை எடுத்தேன். அவள் கை திடீரென்று நின்றது.

"ஆமா, அந்த எலுமிச்சம்பழத்த எதுக்கு உள்ள கொண்டு வந்து அறுத்த?"

மிச்சமிருந்த பாதியை எடுத்து அவள் தட்டிலிருந்த இறால் மேல் பிழிந்தேன்.