மடைச் சாவி

ஏரலுக்கு மேற்கே உள்ள வாய்க்கால் மடையில் நாறும்பூநாதன் இருபத்தாறு வருஷம் லஸ்கர். தண்ணீரைத் திறப்பதும் அடைப்பதும் அவர் வேலை. அவர் தொண்டையைச் செருமினால் கெண்டை மீன்கள் மடைப் பலகைக்குப் பின்னால் வரிசையில் வந்து நிற்கும். ஒரு கிழட்டுக் கெண்டை மட்டும் வரிசையை மீறி முன்னால் வரும்.

ஆறு வருஷத்துக்கு முன் ஒரு காலையில் அந்தப் பலகையில் ஓர் ஆள் பிணமாக ஒதுங்கிக் கிடந்தான். முந்தின நாள்தான் தண்ணீர் முறைக்காக நாறும்பூநாதனோடு மல்லுக்கு நின்றவன். அது போதாதா? கொலை வழக்கு, மூன்று மாதம் சிறை, தற்காலிகப் பணிநீக்கம். போன மாதம்தான் கோர்ட் விடுதலை செய்தது. ஓய்வு பெற இன்னும் நாலு வருஷம் இருந்தது. அந்த நாலு வருஷமும் லஸ்கராகவே இருந்துவிட வேண்டும் என்பதுதான் அவர் ஆசை.

பாசன அலுவலகத்தில் பொறியாளர் கணேஷ்ராம் தீர்ப்பை மூன்று தரம் படித்தார்.

“அண்ணாச்சி, சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விடுதலைன்னுதான் இருக்கு. குத்தமே செய்யலன்னு எழுதலயே. சந்தேகம் அப்படியே கெடக்குல்லா?”

“சந்தேகம் கோர்ட்டுக்கு, சார். எனக்கு இல்ல. நான் கொல்லலன்னு எனக்கு நல்லாத் தெரியும்.”

“அதை ஜட்ஜ் எழுதணும்லா. கொலைக் கேஸ் ஆள் கையில மடையைக் கொடுத்தேன்னு மேல போய்ச் சொல்ல முடியுமா?”

“நியாயந்தான்.” நாறும்பூநாதன் பைக்குள் கைவிட்டு, கைக்குழந்தை கனத்தில் ஓர் இரும்பை எடுத்து மேசைமேல் வைத்தார். மேசை சாய்ந்தது. சன்னலுக்கு வெளியே ஓடிய ஆறே லேசாக அந்தப் பக்கம் ஒதுங்கிற்று.

“என்னது இது?”

“மடைச் சாவி. வாங்கிக்கிட்டேன்னு ஒரு வரி எழுதிக் கொடுங்க.”

“உங்க கையில எப்படி?”

“சஸ்பெண்டு பண்ணுன அன்னைக்கே கொண்டாந்தேன். ஒப்படைப்புப் படிவத்துல பணியில இருக்க லஸ்கர்தான் கையெழுத்துப் போடணும், நீரு இப்போ பணியில இல்லன்னு கிளார்க்கு திருப்பி அனுப்பிட்டாரு.”

கணேஷ்ராம் பேனாவை மூடினார். “அப்போ இந்த ஆறு வருஷமா மடையைத் தொறந்தது?”

“நான்தான். பயிரு காயும்லா.”

“ஜெயில்ல இருந்தப்போ?”

“வீட்டுக்காரி கோமு. மனுப் போட்டு என்னைப் பாக்க வரும்போது தண்ணி எத்தனாவது படியில நிக்குன்னு சொல்லுவா. சாவிய எத்தனை சுத்து சுத்தணும்னு நான் சொல்லுவேன். அந்தக் கெண்டைதான் அவளுக்கு அடங்கல.”

கணேஷ்ராம் பதிவேட்டைப் புரட்டினார். தினமும் ‘மடை திறக்கப்பட்டது’. யாரால் என்று இல்லை. கடைசி மூன்று வருஷப் பக்கங்களின் அடியில் கணேஷ்ராமின் சொந்தக் கையெழுத்து.

“யாரு தொறக்கான்னு நீங்க கேக்கவே இல்லயா சார்?”

“தண்ணி ஒழுங்காப் போச்சு. எதுக்குக் கேக்கணும்?” சொல்லி முடித்ததும் கணேஷ்ராம் பதிவேட்டை மூடினார். ரசீது எழுதினால் தேதி போட வேண்டும்; போட்டால், அதுவரை சாவி யாரிடம் இருந்தது என்ற கேள்வி அவர் கையெழுத்தில் வந்து நிற்கும். “சாவியை மெள்ள எடுத்துப் பைக்குள்ள வைங்க, அண்ணாச்சி.”

பத்தே நாளில் மீண்டும் பணியில் சேர உத்தரவு வந்தது. நம்ப முடியாதவர்கள் இதை மட்டும் விட்டுவிட்டு மற்றதை நம்பலாம். சேரும்போது ‘மடைச் சாவி பெற்றுக்கொண்டேன்’ என்று கையெழுத்துக் கேட்டார்கள். பையைத் தோளில் மாட்டியபடியே போட்டார்.

மறுநாள் காலை மடையில் நின்று செருமினார். கிழட்டுக் கெண்டை ஒழுங்காகக் கடைசியில் போய் நின்றது.

“ஆர்டர் வந்தது அதுக்கும் தெரிஞ்சிட்டு,” என்றார் கோமுவிடம்.