விசில் தனக்குப் போட்டுக்கொண்ட மார்க்

நீச்சல்குளத்துக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் அவர் ‘விசில்’தான். பதினோரு வருடமாக அங்கே லைஃப்கார்டு வேலை. யாராவது ஓடினால் விசில். குதித்தால் விசில். ஆழமான பக்கத்தை ஆசையோடு திரும்பிப் பார்த்தாலே விசில். வீட்டில் பால் பொங்கினாலும் கை தானாகக் கழுத்துக் கயிற்றுக்குப் போகும். பதினோரு வருடத்தில் அந்தக் குளத்தில் ஒருத்தர்கூட மூழ்கியதில்லை. மூழ்குகிற அளவுக்கு யாரும் சந்தோஷமாக இருக்க அவர் விட்டதில்லை.

அந்த வாரம் மேனேஜர் மேடம் எல்லோர் கையிலும் ஒரு படிவத்தைக் கொடுத்தார். ‘உங்களை நீங்களே மதிப்பிடுங்கள்’ என்று மேலே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்துக்கு எத்தனை என்று மார்க் போட வேண்டும். பக்கத்தில் ‘ஆதாரம்’ என்று ஒரு கட்டம். தலைமை லைஃப்கார்டின் நாற்காலி காலியாக இருந்தது. பேச்சுக்குச் சொல்லும் நாற்காலி இல்லை, நிஜ நாற்காலி. ஏணி வைத்து ஏற வேண்டும், மேலே நீலக் குடை. படிவங்களைப் பார்த்துத்தான் அதில் யார் உட்காருவது என்று முடிவாகும். விசில் அந்த நாற்காலியைக் கனவில் மூன்று முறை துடைத்திருந்தார்.

சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து மளமளவென்று எழுதினார்.

“நேரம் தவறாமை, அஞ்சு. பொறுமை, அஞ்சு.”

சமையலறையில் மனைவியின் தோள் குலுங்கியது.

“என்ன சிரிப்பு அங்க?”

“சிரிப்பா? இருமல்ங்க.”

“இருமினா பல்லு தெரியுமா?” என்று முணுமுணுத்துவிட்டு அடுத்ததற்குப் போனார். “நீச்சல் திறமை, அஞ்சு. ஆதாரம்...”

பேனா நின்றது. எதிரில் உட்கார்ந்திருந்த எட்டு வயது மகள் எட்டிப் பார்த்தாள். அதே குளத்தில் நீச்சல் கற்றுக்கொள்கிறவள். தலைப்பிரட்டை வகுப்பை முடித்துத் தவளை வகுப்புக்கு வந்துவிட்டவள்.

“அப்பா, நீங்க நீந்தி நான் பார்த்ததே இல்லையே.”

“மீன் நீந்தறத நீ பார்த்திருக்கியா?”

“பார்த்திருக்கேனே. எங்க ஸ்கூல் தொட்டியில தினமும்.”

விவாதம் அத்தோடு முடிந்தது. “கடைசியா எப்பங்க தண்ணியில இறங்கினீங்க?” என்று மனைவி வேறு எடுத்துக் கொடுத்தாள். யோசித்தார். இரண்டு வருடத்துக்கு முன் செல்போன் குளத்தில் விழுந்தது ஞாபகம் வந்தது. அதையும் இலை அள்ளுகிற நீளக்கம்பு வலையை விட்டுத்தான் எடுத்திருந்தார். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். விசிலுக்கு அன்று இரவெல்லாம் முதுகு அரித்தது.

மறுநாள் காலை குளம் திறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே போய்விட்டார். துப்புரவு அக்கா மட்டும் வலைக்கம்பால் இலை அள்ளிக்கொண்டிருந்தார்.

“என்ன தம்பி, ட்ரவுசரோட வந்து நிக்கற?”

“ஆதாரம் எடுக்க வந்தேன்க்கா.”

“இங்க இலைதான் கிடைக்கும். எடுத்துக்கோ.”

இன்னும் யாரும் எழுதாத கடிதம் போலத் தண்ணீர் வெறுமையாக, நீலமாகக் கிடந்தது. விசில் இறங்கினார். முதல் பத்து மீட்டர் அபாரம். அதற்குப் பிறகு கையும் காலும், பேச்சுவார்த்தை இல்லாமல் ஒரே வீட்டில் குடியிருக்கும் கணவன் மனைவி போல, அதது பாட்டுக்கு அதது வேலையைப் பார்க்க ஆரம்பித்தன. பதினைந்தாவது மீட்டரில் கெண்டைக்கால் சுருட்டி இழுத்தது. ஒரு வாய் தண்ணீர் குடித்தார். இன்னொரு வாய். ‘ஐயையோ, யாரோ மூழ்கறாங்களே, இந்த லைஃப்கார்டு எங்க போய்த் தொலைஞ்சான்?’ என்று கோபம் கோபமாக வந்தது. பழக்க தோஷம், விசிலை எடுத்து வாயில் வைத்து ஊதினார். குபுகுபுவென்று குமிழிதான் வந்தது.

“நல்லாருக்கு தம்பி! இன்னொரு வாட்டி ஊது!” என்று கைதட்டினார் அக்கா.

இன்னொரு வாட்டி ஊதினார். இந்த முறை குமிழி மட்டும் மேலே வந்தது, தலை வரவில்லை. அக்காவின் முகம் மாறியது. அடுத்த நொடி வலை தலையில் கவிழ்ந்தது. “கம்பைப் பிடி! விடாத!” ஒரு பெரிய இலையை இழுப்பது போல இழுத்துக் கரையில் போட்டார். விசிலின் தலையில் நாலு சருகும், யாரோ ஒரு குழந்தை தொலைத்த சிவப்பு ஹேர்கிளிப்பும் இருந்தன.

மூச்சு வந்ததும் முதல் வார்த்தை: “யார்கிட்டயும் சொல்லிடாதீங்கக்கா.”

“நான் எதுக்குச் சொல்லப்போறேன்? என் படிவத்துலயும் ஆதாரம்னு ஒரு கட்டம் இருக்கு. என்னத்த எழுதறதுன்னு ரெண்டு நாளா மண்டையைக் குடைஞ்சுக்கிட்டிருந்தேன்.” அவர் முகம் போன போக்கைப் பார்த்து அக்கா சிரித்தார். “பயப்படாத. காலியாவே விட்டுடறேன் போ.”

அங்கேதான் வினை. எழுதிவிடுவேன் என்று மிரட்டியிருந்தால் அக்காவோடு சண்டையாவது போட்டிருக்கலாம். காலியாக விடுகிறேன் என்று சொன்னவரை என்ன செய்வது?

ஈரத்தோடு பெஞ்சில் உட்கார்ந்து படிவத்தை விரித்தார். ஐந்தை அடித்தார். மூன்று போடலாமா என்று பார்த்தார். மூன்று நல்ல எண், யார் கண்ணையும் உறுத்தாது. மூன்றையும் அடித்துவிட்டு இரண்டு போட்டார். ‘ஆதாரம்: பதினைந்து மீட்டர் வரை நான். அதற்கு மேல் துப்புரவு அக்கா.’ அணை உடைந்தால் நிற்குமா? ‘இந்த ஆண்டு காப்பாற்றப்பட்டவர்: ஒருவர் (நான்). கருவி: இலை வலை.’ பொறுமைக்கு ஒன்று. ‘ஆதாரம்: என் மனைவியைக் கேட்கவும்.’

இரண்டு நாள் கழித்து மேனேஜர் மேடம் கூப்பிட்டார். மேஜையில் படிவக் கட்டு.

“எல்லாரும் அஞ்சுக்கு அஞ்சு. டிக்கெட் கிழிக்கறவர்கூட நீச்சலுக்கு அஞ்சு போட்டிருக்காரு. அவரு மழைக்கே லீவு போடற ஆளு! சிரிக்காதீங்க. நாற்காலி உங்களுக்கு இல்லை.”

“தெரியும் மேடம்.”

“அக்காவுக்கு. உங்க படிவத்தைப் பார்த்துட்டு நேத்து நீந்திக் காட்டச் சொன்னேன். நாலு தடவை போயிட்டு வந்து, ‘போதுமா, கக்கூஸ் கழுவணும்’ங்கறாங்க. அவங்களுக்கு நீச்சல் தெரியுமான்னு இத்தனை வருஷத்துல ஒரு தடவையாவது கேட்டீங்களா?”

“இல்ல மேடம்.”

“நானும் கேக்கலை. என் படிவத்துல அதுக்கு எனக்கு நானே ஒண்ணு போட்டிருக்கேன்.” மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “மூணு மாசம் கத்துக்கிட்டுத் தேறுங்க. அப்புறம் பழைய வேலை. அதுவரைக்கும் வாசல்ல டிக்கெட்.”

“விசிலை வெச்சுக்கலாமா மேடம்?”

“வெச்சுக்கலாம். ஊதக் கூடாது.”

திங்கட்கிழமை தலைப்பிரட்டை வகுப்பில் ஆறு வயதுக் குழந்தைகள் எட்டு பேரும் விசிலும் சுவரைப் பிடித்துக்கொண்டு வரிசையாகக் காலை உதைத்தார்கள். குளத்தைப் பிரிக்கும் கயிற்றுக்கு அந்தப் பக்கம் தவளை வகுப்பிலிருந்து, “அப்பா, வாயை மூடிக்கிட்டு!” என்று மகள் கத்தினாள். பக்கத்துத் தலைப்பிரட்டை, “மாமா, நீங்க ஃபெயிலா?” என்று அக்கறையோடு கேட்டது. நீலக் குடைக்கு அடியில், மடியில் வலைக்கம்போடு உட்கார்ந்திருந்த அக்கா புது விசிலை எடுத்து ஊதினார். “தம்பி! முட்டியை மடக்காத!”

ஒரு மாதம் போனது. ஒரு சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் மகள் பேனாவும் காகிதமுமாகக் காத்திருந்தாள்.

“இன்னைக்கு எவ்வளவுப்பா?”

“பதினாறு மீட்டர்.”

“மார்க்?”

“ரெண்டே கால்.”

“ஆதாரம்?”

விசில் தலையை மெல்ல ஒரு பக்கமாகச் சாய்த்தார். காதிலிருந்து தண்ணீர் பொட்டுப் பொட்டென்று காகிதத்தில் விழுந்தது.