சட்டைப் பையில் பியூஸ் கட்டை

மாலை ஐந்து ஐம்பதுக்குத் தென்னை மட்டை மின்கம்பியில் விழுந்தது. ஆரியசாலையின் பின்சந்தில் கம்பி அறுந்து தொங்கியது. அதற்கு அப்பால் மூன்று வீடுகள்.

லைன்மேன் லிங்கம் ஏணியோடு வந்து சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. மனைவி பேச்சியும் கூட வந்தாள். அவன் வேலை செய்யும் இடத்துக்கு அவள் வருவது இதுவே முதல் தடவை.

பதினாறு நாட்களுக்கு முன் இதே போஸ்டில், இதேபோல அறுந்த கம்பியை இழுத்துக் கட்டும்போது அவனுக்கு ஷாக் அடித்தது. ஏணியிலிருந்து விழுந்தான். இடது உள்ளங்கை வெந்துபோனது. டிரான்ஸ்பார்மரில் பியூஸை எடுக்க மறந்துவிட்டான் என்றார் கான்ட்ராக்டர். இன்னொரு தடவை மறந்தால் வேலை கிடையாது என்றும் சொன்னார். லிங்கம் எதிர்த்துப் பேசவில்லை. விழுவதற்கு முந்தைய அரை மணி நேரம் அவன் நினைவில் இல்லை. இரண்டாம் நாள், மறந்துதான் இருப்பேன் என்று அவனே சொல்லத் தொடங்கினான்.

பேச்சி ஆஸ்பத்திரிக் குழாயடியில் அவன் சட்டையைத் துவைத்தாள். பையில் ஏதோ கனத்தது. வெள்ளைப் பீங்கான் பியூஸ் கட்டை. கம்பியில் கை வைக்குமுன் அதைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொள்வது அவன் வழக்கம். கட்டை பையில் இருக்கும்வரை வேறு யாரும் அதைத் திரும்ப மாட்ட முடியாது. கான்ட்ராக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினாள். பழைய கட்டை எதையாவது எடுத்து வந்திருப்பாய் என்றார்.

அவள் பழையதை எடுத்து வரவில்லை. கட்டை பையில் இருந்தது. கம்பியில் கரண்டும் இருந்தது. அப்படியானால் அந்தக் கரண்டு டிரான்ஸ்பார்மரிலிருந்து வந்ததல்ல.

இன்று அவன் கட்டையைக் கழற்றிப் பையில் போடுவதை அவள் நின்று பார்த்தாள். பிறகு ஏணியின் கீழ்ப்படியில் கை வைத்தாள்.

“ஏறாதீங்க. நான் வந்து சொன்ன பொறவு ஏறுனாப் போதும்.”

“எங்கட்டீ போற? ஏழு மணிக்குள்ள லைன் வரல்லேன்னா அந்த ஆளு வேற பணிக்காரன எடுத்துருவாரு, கேட்டியா?”

“எடுக்கட்டும். கை போனா வேற கை எங்க எடுக்க?”

முதல் வீடு பூட்டியிருந்தது. இரண்டாவது வீட்டில் பல்பு எரிந்தது. சந்து முழுவதும் இருட்டாக இருக்க, அது மட்டும் சிவந்து மங்கலாக எரிந்தது. அதன் கீழே சுடலைமாடத்தி பிச்சிப்பூ கட்டிக்கொண்டிருந்தாள். பழவங்காடியில் பூ விற்பவள்.

“மைனி, கரண்டு இல்லயே. ஒங்க பல்பு மட்டும் எப்படி எரியுது?”

“அது பழவங்காடிப் பிள்ளையாரு குடுக்கது. எம் மாலையப் போட்டுக்கிட்டுச் சும்மா இருப்பாரா?”

“எத்தன நாளாக் குடுக்காரு?”

“ரெண்டு மாசமா. கரண்டு போன பொறவும் சில நாளு வந்துரும். பழுத்த மொளகா மாதிரி எரியும். பூ கட்ட இது போதாதா?”

“யாருட்டயும் சொல்லலியா?”

“சொன்னா நிறுத்திருவாங்களே!”

பேச்சி காது கொடுத்துக் கேட்டாள். மூன்றாவது வீட்டின் பின்பக்கமிருந்து ஒரு இரைச்சல் விடாமல் வந்துகொண்டிருந்தது. அன்று மழைச் சத்தத்தில் அது கேட்டிருக்காது.

அந்த வீடு மிளகாய் வத்தல் மொத்த வியாபாரி பகவதிப்பெருமாளுடையது. பேச்சி பக்கச் சந்து வழியே பின்னால் போனாள். கிணற்றடியில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதிலிருந்து ஒரு வயர் அடுக்களைக்குள் போய், சுவரிலிருந்த பிளக் பாயின்டில் செருகியிருந்தது. வயரின் இரண்டு முனையிலும் பிளக்.

அவள் யாரையும் கேட்கவில்லை. ஜெனரேட்டரை நிறுத்தினாள்.

“எம் பல்பு போச்சே!” என்று மதிலுக்கு அப்பால் சுடலைமாடத்தி கத்தினாள்.

பகவதிப்பெருமாள் துண்டோடு வெளியே வந்தார். “யாருட்டீ நீ, மெஷின்ல கை வைக்கதுக்கு?”

“லைன்மேன் பொண்டாட்டி.”

“லைன்மேனுக்குப் போஸ்ட்லதான பணி? எங்க அடுக்களையில என்ன?”

“ஒங்க மெஷின் கரண்டு இந்தப் பிளக்குல ஏறி, மீட்டரத் தாண்டிக் கம்பிக்குப் போவுது மொதலாளி. கம்பியில எம் மாப்பிள நிக்காரு.”

“இத்துனூண்டு மெஷினா ஆளக் கொல்லும்?”

“கொல்லல. கையச் சுட்டுட்டு விட்டுட்டு. பதினாறு நாளைக்கு முந்தி, மழையன்னைக்கு, இத ஓட்டுனீங்களா இல்லயா?”

 உள்ளே குழந்தை அழுதது.

“பேத்தி. இருவது நாளாவுது. பேன் இல்லாட்டா கெடக்காது.”

“பேன் ஓடட்டும். மெயின் சுவிட்ச நிறுத்திட்டு ஓடட்டும். அப்பக் கரண்டு ஒங்க வீட்டத் தாண்டிப் போவாது.”

“மெயின் முன்னறையில, மூட்டைக்குப் பொறத்தால கெடக்கு. சுமட்டுக்காரன் வந்தாத்தான் மூட்ட நகரும். நாமளாத் தொட்டா நாளைக்கு யூனியன்ல வந்து நிப்பான். தூக்காத மூட்டைக்கும் நோக்குகூலி கேப்பான்.”

“எங்கிட்ட வந்து கேக்கச் சொல்லுங்க.”

முன்னறையில் வத்தல் மூட்டைகள் கூரை வரை நின்றன. பேச்சி கட்டட வேலையில் சித்தாள். சிமென்ட் மூட்டையைவிட இவை கனம் குறைவு, பருமன் அதிகம். முதல் மூட்டையை இழுத்து இறக்கினாள். நெடி எழுந்தது. தும்மினாள். இரண்டாவதை இறக்கும்போது கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. கண்ணைத் துடைக்கவில்லை. துடைத்தால் இன்னும் எரியும்.

ஐந்தாவது மூட்டையின் மறுமுனையைப் பகவதிப்பெருமாள் பிடித்தார்.

“கதவைச் சாத்துட்டீ. எவனாவது பாத்துறப் போறான்.”

ஏழாவது மூட்டைக்குப் பின்னால் மெயின் இருந்தது. கைப்பிடியில் ஒட்டடை. அவள் அதைக் கீழே இழுத்தாள். பக்கத்திலிருந்த பியூஸ் கட்டையையும் கழற்றி முந்தானையில் முடிந்தாள்.

“அத எதுக்கு எடுக்க?”

“அவரு எறங்குன பொறவு தாறேன். இப்ப மெஷினப் போடுங்க.”

ஜெனரேட்டர் மறுபடி இரைந்தது. உள்ளே பேன் சுற்றியது. குழந்தையின் அழுகை தேய்ந்தது. பேச்சி மதிலருகே போனாள்.

“மைனி, பல்பு எரியுதா?”

“இல்லட்டீ.”

“நல்லாப் பாத்துச் சொல்லுங்க.”

“எங் கண்ணு நல்லாத்தான் இருக்கு. ஒண்ணும் தெரியல.”

பேச்சி திரும்பினாள். “நீங்களும் வாங்க மொதலாளி. ஏழு மணிக்குக் கான்ட்ராக்டரு வருவாரு. இந்த வயரு எப்படிக் கெடந்துன்னு அவருட்டச் சொல்லணும்.”

“வயரு மெஷின்ல மாட்டியிருக்கே.”

“வயரு வேண்டாம். வாய மட்டும் கொண்டு வாங்க.”

 அவர் உள்ளே போய்ச் சட்டை மாட்டிக்கொண்டு வந்தார்.

போஸ்டடியில் லிங்கம் பீடி குடித்துக்கொண்டிருந்தான். அவள் ஜெனரேட்டர் விஷயத்தைச் சொல்லி, முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காட்டினாள். அவன் தன் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு ஏறினான். அவள் ஏணியைப் பிடித்துக்கொண்டாள். பகவதிப்பெருமாள் தள்ளி நின்று மேலே பார்த்தார்.

“கை வைக்கட்டா?”

“வையுங்க.”

அவன் தொங்கிய கம்பியைப் பிடித்தான். ஒன்றும் ஆகவில்லை. இடது கை சரியாக மடங்கவில்லை. வலது கையால் முறுக்கினான். நேரம் பிடித்தது. கம்பி சேர்ந்ததும் அவன் உடனே இறங்கவில்லை.

“நாளைக்கு மணக்காட்டுல ஆறு போஸ்டு இருக்கு, பேச்சி. அங்க எத்தன வீட்டுல மெஷின் இருக்கோ?”