முதுகு வலி ஒரு வலியா

என் வீட்டுக்காரர் கோதண்டபாணிக்கு ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரியில் வேலை. பச்சைத் தோலைச் சாய்ந்த மரத்தின்மேல் விரித்து, நாளெல்லாம் குனிந்தபடியே கொழுப்பைச் சீவவேண்டும். ஐம்பத்தேழாம் வருஷம் கத்தி விரலைக் கீறிவிட்டது. விரலில் கீறல் படாதவன் அங்கே யார்? காயமும் ஆறிவிட்டது. அப்புறம்தான் காய்ச்சல் வந்து, குளிர் ஆளைத் தூக்கித் தூக்கிப் போட்டது. ரயிலேற்றி வேலூருக்குக் கொண்டுவந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தேன்.

ரத்தம் எடுத்து, குப்பியில் வைத்துக் கிருமி வளர்கிறதா என்று பார்த்தார்கள், வளர்ந்தது. மூன்று மணி நேரத்துக்கொரு பென்சிலின் ஊசி. தொடையில் குத்த இடமில்லை, காய்ச்சலோ இறங்கவில்லை.

"இந்தக் கிருமிக்குப் பென்சிலின் கேக்கலம்மா" என்று டாக்டரம்மா மருந்தை மாற்றினார். இரண்டு நாள் இறங்கிய காய்ச்சல் மூன்றாம் நாள் ஏறியது. மறுபடி ரத்தம், மறுபடி அதே கிருமி. எனக்குச் சீ என்று ஆகிவிட்டது. பெஞ்சில் உட்கார்ந்தே தூங்கி, உட்கார்ந்தே விழித்தேன்.

ஒருநாள் டாக்டரம்மா என்னை உட்கார வைத்துச் சொன்னார். "ரத்தத்துல ஓடுற கிருமியை மருந்து கொல்லுது. ஆனா உடம்புல எங்கேயோ சீழ் கட்டி, அதுக்குள்ள ஒளிஞ்சிக்கினு இருக்குது. மருந்து அங்க சரியாப் போய்ச் சேரலை. அங்கேருந்து திரும்பத் திரும்ப ரத்தத்துக்கு வருது. அந்த இடம் தெரியலைன்னா ஆளைக் காப்பாத்த முடியாதும்மா."

தினமும் கேட்பார், எங்கேயாவது வலிக்கிறதா என்று. இவர் "இல்லீங்கம்மா" என்பார். நானும் இல்லை என்றேன். நெஞ்சைக் கேட்டார், வயிற்றை அமுக்கினார், ஒன்றும் அகப்படவில்லை.

டாக்டர்கள் போனதும் இவர் மெதுவாகப் புரண்டு, "கொஞ்சம் தேய்ச்சு வுடு" என்பார். முதுகில் எண்ணெய் தேய்ப்பேன். கல்யாணமான நாளிலிருந்து தேய்க்கிற முதுகுதானே. அதை வலி என்று சொன்னால் டேனரியில் சிரிப்பார்கள்.

பதினாறாம் நாள், "கால் குறுகுறுங்குது அம்சவேணி" என்றார்.

"படுத்தே கெடந்தா பின்ன இன்னா பண்ணும்?" என்று எரிந்து விழுந்தேன். அலுப்பு, வேறென்ன.

மறுநாள், டேனரியில் இவருக்குப் பக்கத்து மரத்தில் தோல் சீவும் மஹபூப் பாஷா பார்க்க வந்தார். இவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு புரள்வதைப் பார்த்துவிட்டு, "இன்னா தோஸ்த், முதுகா?" என்றார்.

"ஆமா பாய், கொஞ்சம் ஜாஸ்தி."

"அட, நம்ம வேலைக்கு முதுகு வலிக்கலைன்னாத்தான் வியாதி!"

மூவரும் சிரித்தோம். அடுத்த கட்டிலருகே நின்றிருந்த டாக்டரம்மா சிரிக்கவில்லை. வேகமாக வந்து இவரைப் புரட்டி, தண்டெலும்பைக் கட்டைவிரலால் ஒவ்வொரு கணுவாக அமுக்கிக்கொண்டே இறங்கினார். ஓரிடத்தில் இவர் போட்ட கூச்சலில் வார்டே திரும்பியது.

"ஏம்மா, தினம் கேட்டேனே!"

"வலி இருக்குதான்னு கேட்டீங்கம்மா. இது முதுகுதானே" என்றேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அன்றைக்கே முதுகைக் கிழித்தார்கள். தண்டெலும்பை ஒட்டிக் கிண்ணம் நிறையச் சீழ் வந்ததாம். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. அடுத்த வாரம் ரத்தத்தில் கிருமி இல்லை. ஆள் பிழைத்தார் என்று டாக்டரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். கால் இரண்டும் அசையவே இல்லையே என்று கேட்டேன். சீழ் அழுத்தி நரம்பு நசுங்கிவிட்டது, சில நாள் முன்னாடி தெரிந்திருந்தால் நடக்கவைத்திருக்கலாம் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பாய் மறுபடி வந்தார். என்ன பேசுவதென்று தெரியாமல், "இப்ப முதுகு எப்படி தோஸ்த்?" என்றார்.

"தேவலை பாய். இடுப்புக்குக் கீழ எதுவுமே வலிக்கலை" என்றார் இவர்.

பாய் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அங்கே உட்கார முடியவில்லை. பதினாறு நாள் அந்த இடத்தைத் தேய்த்தவள் நான்தான்.